கஞ்சிராவைக் கீழே வைக்காதே

சுவிட்சர்லாந்து
20 மார்ச் 1955

என் அன்புத் தம்பி பந்தலேயோவுக்கு,

உன் அக்கா வீத்தா உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? இங்கே இன்னும் பனி உருகவில்லை. விடுதிக் கன்னியாஸ்திரிகள் சூப்பில் உப்பே போடுவதில்லை. கேட்டால் உடம்புக்கு நல்லது என்கிறார்கள்.

உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. நெசவாலையில் என் பக்கத்துத் தறியில் நிற்கும் நுன்ஸியா நம் பக்கத்து ஊர் ருஃபானோக்காரி. அவள் வீட்டிலிருந்து வந்த கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் வாசித்தாள். அதில் ஒரு வரி: "கழுதை வியாபாரி லியோன்ஸியோ ஜெயில்ல இருந்து வந்துட்டான்." ஜனவரியிலேயே வந்துவிட்டாராம். அவருக்கும் எனக்கும் நிச்சயமாகியிருந்தது நுன்ஸியாவுக்குத் தெரியாது. அதற்கப்புறம் நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று என இரண்டு கடிதம் போட்டிருக்கிறாய். ஆட்டுக்குட்டி நொண்டுவதுவரை எழுதியவன் இதை ஏன் எழுதவில்லை?

அம்மாவின் கைக்கு என் முத்தம்.
அக்கா வீத்தா

*

தொர்ரெபாதுலி
11 ஏப்ரல் 1955

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் காப்பிப் பொட்டலமும் ஒரே நாளில் வந்தன. நாங்கள் இருவரும் சுகம். அம்மா காப்பியை முகர்ந்து பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஈஸ்டருக்குத் திறப்பாள் என்று பார்த்தேன், திறக்கவில்லை. என் சாவுக்குத்தான் திறப்பாள் போலிருக்கிறது.

புகையிலை நாற்று இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது. இன்னும் இரண்டு வாரத்தில் நடவு. உப்பு வேண்டுமானால் இங்கிருந்து அனுப்புகிறேன்.

நீ கேட்டது உண்மைதான், வந்துவிட்டான். சந்தையில் ஒரு தடவை பார்த்தேன். தொப்பியைக் கழற்றினான், நானும் கழற்றினேன், அவ்வளவுதான். இளைத்திருக்கிறான். இதைப் போய் எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன்.

நொண்டிய ஆட்டுக்குட்டி இப்போது நன்றாக ஓடுகிறது.
உன் தம்பி பந்தலேயோ

*

சுவிட்சர்லாந்து
2 மே 1955

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம், உங்கள் சுகத்தை மாதா பார்த்துக்கொள்ளட்டும். காப்பியை அம்மா திறக்காவிட்டால் நீ திறந்துவிடு, நான் சொன்னதாகச் சொல்.

தொப்பியைக் கழற்றினான் என்று எழுதிவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன் என்று நினைத்தாயா? அவரைச் சிறைக்கு அனுப்பிய அந்தத் திருநாளில் நானும் அங்கே நின்றவள்தானே. புனித ரோக்கு கோவிலுக்கு முன்னால் எத்தனை வட்டம், வட்டத்துக்கு நடுவே இரண்டு இரண்டு பேராகக் கத்தி ஆட்டம், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினால் அதுதான் கத்தி. எல்லோரும் விரலால்தான் ஆடினார்கள். இவர் மட்டும் நிஜக் கத்தியை எடுத்து எதிரே ஆடியவனின் கன்னத்தைக் கிழித்தார். கிழித்தபோது அவர் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கச்சிதமாக ஒரு வேலையை முடித்தவனின் சிரிப்பு. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்த ஆளைக் கட்டிக்கொள்வதில்லை என்று.

அவர் சிறைக்குப் போன மூன்றாம் மாதம் நான் இங்கே ரயிலேறினேன். மோதிரத்தை அவர் வீட்டில் நீ திருப்பிக் கொடுத்தாய். "என் அக்காளைக் கழுதைக்காரனுக்குக் குடுக்க எனக்கு மனசில்ல. நான்தான் வெளிநாட்டுக்கு அனுப்பிச்சேன்" என்று பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய். என் பெயர் கெடக்கூடாது என்றுதான் செய்தாய், அதை மறக்கவில்லை. பதினேழு மாதம் சிறையில் உட்கார்ந்து அவர் யாரை நினைத்துக்கொண்டிருந்திருப்பார்? உன்னைத்தான்.

மறைக்காமல் எழுது. அவர் உன்னிடம் என்ன சொன்னார்?
வீத்தா

*

தொர்ரெபாதுலி
8 ஜூன் 1955

அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. முதல் இலை பறிப்பு, இருட்டோடு எழுந்து போகிறேன். மத்தியானம் அம்மாவோடு உட்கார்ந்து இலை கோக்கிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் வயல் வரப்பில் வந்து நின்றான். கழுதையிலிருந்து இறங்கவில்லை. "வேலை நல்லா போவுதா பந்தலேயோ?" என்றான். போகிறது என்றேன். "கையைப் பத்திரமா வெச்சுக்க. ரோக்கு திருநாளுக்கு உன்னை நான்தான் கூப்பிடப் போறேன்" என்றான். போய்விட்டான். சத்தம்கூடப் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திருநாளுக்குப் போகாதே என்று நீ எழுதுவாய், எனக்குத் தெரியும். போகாமல் இருந்தால் அவன் வீட்டுக்கு வருவான். இல்லை, ஒற்றையடிப் பாதையில் வருவான். வட்டத்திலாவது வட்டத்தலைவர் இருக்கிறார், நாலு பேர் கை நடுவே விழும். கூப்பிட்ட பிறகு உள்ளே இறங்காதவன் அப்புறம் இந்த ஊரில் ஆண்பிள்ளை என்று நடமாட முடியாது, அதுவும் உனக்குத் தெரியும்.

அம்மாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.
பந்தலேயோ

*

சுவிட்சர்லாந்து
15 ஜூன் 1955

என் தம்பிக்கு,

சுகமா என்று கேட்கவே கை வரவில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து தறியில் நூல் அறுந்தால்கூட எனக்குத் தெரிவதில்லை. மேஸ்திரி இரண்டு தடவை திட்டிவிட்டான்.

ஒரு வழி தோன்றுகிறது. வட்டத்தில் கஞ்சிரா வைத்திருப்பவனை யாரும் உள்ளே கூப்பிடக் கூடாது. அவன் கையைத் தாளத்துக்குக் கொடுத்துவிட்டவன். இது நம் தாத்தா காலத்துக்கும் முந்தின கட்டு, லியோன்ஸியோவே ஆனாலும் மீற முடியாது. நீ கஞ்சிரா எடு. பொழுது சாயும்போது எடுத்தால் விடியற்காலைப் பூசை மணி அடிக்கும்வரை கீழே வைக்காதே. மணி அடித்தால் வட்டம் கலைந்துவிடும். அதற்குள் யாராவது "கொஞ்ச நேரம் நான் வாசிக்கிறேன்" என்று கேட்பார்கள், கொடுத்துவிடாதே. கொடுத்த அடுத்த நொடி அவர் உன்னைக் கூப்பிடலாம்.

இன்னொன்று. அவருக்கு நான் உண்மையை எழுதிவிடட்டுமா? "விட்டுப் போனது நான், தம்பி இல்லை" என்று?
வீத்தா

*

தொர்ரெபாதுலி
1 ஜூலை 1955

அக்காவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம், ஆனால் அம்மாவுக்குக் காது போய்விடும் போலிருக்கிறது. கஞ்சிரா கடன் வாங்கி வந்து பழகுகிறேன். முதல் நாளே அம்மா கேட்டாள், "எலி விரட்டப் போறியா? இருந்த எலியெல்லாம் போயிருச்சுடா, நிறுத்து." ஒரு மணி நேரம் வாசித்தால் கட்டைவிரல் தோல் உரிகிறது. விடியும்வரை எப்படித் தாங்கும் என்று தெரியவில்லை. ஆனால் நீ சொன்ன வழியைத் தவிர வேறு வழியும் இல்லை.

இரண்டாவதாகக் கேட்டாயே, அதற்குப் பதில்: எழுதாதே. நிச்சயம் பண்ணியவனைத் தானே விட்டுவிட்டு ரயிலேறிய பெண் என்று தெரிந்தால் கிணற்றடியிலிருந்து கோவில்வரை உன் பேர்தான் ஓடும். அம்மா அதைத் தாங்கமாட்டாள். என் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், எழுதாதே.

கை எரிகிறது, இத்தோடு நிறுத்துகிறேன்.
பந்தலேயோ

*

சுவிட்சர்லாந்து
28 ஜூலை 1955

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். இங்கே மழை. நீயும் அம்மாவும் வெயிலில் அதிகம் அலையாதீர்கள்.

விரலுக்கு ஆலிவ் எண்ணெய் தடவு. தடித்த தோல் உள்ள கஞ்சிராவை எடுக்காதே, அது சீக்கிரம் கையைத் தின்றுவிடும்.

இங்கிருந்து போடும் கடிதம் சுப்பெர்சானோவுக்கும் தொர்ரெபாதுலிக்கும் ஒரே நாளில்தான் வந்து சேருமா, இல்லை முன்னே பின்னே ஆகுமா? தபால்காரரைக் கேட்டுச் சொல்.

மாதா உன்னைக் காக்கட்டும்.
வீத்தா

*

தொர்ரெபாதுலி
12 ஆகஸ்ட் 1955

அக்கா,

உடம்பு சுகம். மனசு சுகமில்லை என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

சுப்பெர்சானோ அவன் ஊர். அங்கே தபால் எப்போது வரும் என்று எதற்குக் கேட்டாய்? நீ எதுவும் செய்திருக்கமாட்டாய் என்று நம்புகிறேன்.

திருநாளுக்கு இன்னும் மூன்று நாள். கோவில் முகப்பில் விளக்குத் தோரணம் கட்டிவிட்டார்கள். தர்பூசணி வண்டிகள் வந்து நிற்கின்றன. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இருபத்தாறு வயசு ஆணுக்கு இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நேற்று முடிவெட்டிக்கொள்ளப் போனேன். சவரக்கத்தி கழுத்துக்கு வந்ததும் எழுந்து வந்துவிட்டேன். பாதி முடியோடு நிற்கிறேன், அம்மா சிரிக்கிறாள்.

எனக்கு ஏதாவது ஆனால் அம்மாவை உன்னோடு அழைத்துக்கொள். ஆட்டை விற்காதே, சித்தப்பா வீட்டில் விடு.
பந்தலேயோ

*

சுவிட்சர்லாந்து
27 ஆகஸ்ட் 1955

பந்தலேயோ,

சுகம் விசாரித்து எழுத வேண்டும், யாரை விசாரிப்பது? திருநாள் முடிந்து பதினொரு நாள். ஒவ்வொரு நாளும் விடுதி வாசலில் தபாலுக்கு நிற்கிறேன். எல்லோர் பெயரும் கூப்பிடுகிறார்கள், என் பெயர் இல்லை.

நேற்று நுன்ஸியா வீட்டுக் கடிதம் வந்தது. "இந்த வருஷம் கூட்டம் அதிகம். தொர்ரெபாதுலிக்காரன் ஒருத்தன் சட்டையெல்லாம் ரத்தமா கோவில் பின்னால போனான்" என்று எழுதியிருக்கிறார்கள். யார் என்று எழுதவில்லை. நுன்ஸியாவைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். "உனக்கென்னடி இவ்ளோ அக்கறை?" என்றாள். அவளிடம் என்ன சொல்வேன்?

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். நீ வேண்டாம் என்று சத்தியம் போட்டும் செய்தேன். லியோன்ஸியோவுக்கு எழுதினேன். விட்டுப் போனது நான்தான் என்று எழுதினேன். என் கடிதம்தான் அவர் கோபத்தைக் கூட்டியதா? அதனால்தான் உனக்கு ஏதாவது ஆனதா? ஜூலை இருபத்தெட்டாம் தேதிவரை நான் ஒளித்து வைத்தது உன் பழியில் குளிர்காய்ந்துகொண்டுதான். இரண்டு வருஷம் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும்.

கையெழுத்து வேண்டாம். ஒரு வெற்றுத் தாளை மடித்துப் போடு. நீ மடித்தது எனக்குத் தெரியும்.
வீத்தா

*

தொர்ரெபாதுலி
29 ஆகஸ்ட் 1955

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி. வலது கை வீங்கிப் பத்து நாளாகப் பேனா பிடிக்க முடியவில்லை. வேறு யாரையும் வைத்து எழுத முடியாத விஷயம் இது, அதனால்தான் தாமதம். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். அம்மா சுகம்.

நீ சொன்னபடி பொழுது சாயும்போதே கஞ்சிராவோடு வட்டத்தில் உட்கார்ந்தேன். அவனும் வந்தான். நேர் எதிரே நின்றான். அந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றவில்லை, ஒரு கை கோட்டுக்குள்ளேயே இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். வேறு ஆட்கள் கூப்பிட்டு மூன்று தடவை ஆடினான், விரலால்தான் ஆடினான். ஒவ்வொரு தடவையும் முடித்துவிட்டு அதே இடத்தில் வந்து நின்றான். கண் என் மேலேயே இருந்தது.

நடு இரவுக்கு மேல் விரல் கிழிந்துவிட்டது. கஞ்சிராத் தோலெல்லாம் ரத்தம், சட்டையிலும் ரத்தம். பக்கத்திலிருந்தவன் நல்ல மனசோடு, "குடுப்பா, நான் ரெண்டு தட்டு தட்டறேன், நீ போய்க் கையைக் கழுவு" என்றான். நான் கொடுக்கவில்லை. "இவனுக்கு என்ன, சாமி வந்துருச்சா?" என்று சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, தாளம் தப்பியது, மறுபடி பிடித்தேன்.

கிழக்கு வெளுக்கிற நேரம். இன்னும் அரை மணியில் பூசை மணி. அப்போது அவன் வட்டத்தைக் கடந்து நேராக என்னிடம் வந்தான். கை கோட்டுக்குள் இருந்து வெளியே வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. குத்து விழவில்லை. கண்ணைத் திறந்தால் அவன் கையில் கடிதம். சுவிஸ் முத்திரை.

குனிந்து என் காதில் சொன்னான், "எனக்குப் படிக்கத் தெரியாது. ஒனக்குத் தெரியாதா இது? ஊருல படிக்கிறவன் மூணு பேரு. யார்கிட்ட குடுத்தாலும் உங்க அக்கா பேரு மத்தியானத்துக்குள்ள சந்திக்கு வந்துரும். பன்னெண்டு நாளா வெச்சுக்கிட்டு அலையறேன். நீ படி."

அக்கா, ஏழு மாதம் நிச்சயமாகியிருந்தும் அவனுக்கு எழுத்து தெரியாது என்பது நமக்குத் தெரியாமல் போயிற்று. அம்மாவும் அத்தைகளும் நடுவே உட்கார்ந்துதான் நீங்கள் பேசினீர்கள்.

கடிதத்தை வாங்க வேண்டுமென்றால் நான் கஞ்சிராவைக் கீழே வைக்க வேண்டும். கோட்டு விலகியிருந்தது, உள்ளே கத்தியின் பிடியும் தெரிந்தது. இரண்டையும் ஒரே பையில் வைத்திருந்தான். வைக்காதே என்று நீ எழுதியது தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டேன்.

அவனோடு கோவில் பின்பக்கம் போனேன். தர்பூசணிக்காரர் தொங்கவிட்ட விளக்கடியில் நின்று படித்தேன். "உங்களை விட்டு வந்தது நான். யாரும் அனுப்பவில்லை. அன்று வட்டத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த முகத்தோடு ஒரே வீட்டில் அடுப்பு மூட்ட எனக்குத் தைரியம் இல்லை. தம்பியை விட்டுவிடுங்கள்." நாலு வரிதான் எழுதியிருந்தாய். படிக்கும்போது தாளில் என் ரத்தம் பட்டுவிட்டது.

அவன் கேட்டான்.

"என் மொகத்தையா?"

"ஆமா."

"அந்தப் பயலைப் பாத்துப் பயப்படலயா? அவன் உங்க அக்காளைப் பத்தி அசிங்கமாப் பேசினான். அதுக்குத்தான் கிழிச்சேன். அவளுக்காகத்தான் செஞ்சேன். அவ சந்தோஷப்படுவான்னு நெனச்சேன்டா."

"அவ உன்னைப் பாத்துத்தான் பயந்தா" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கத்தி அவன் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"இன்னொரு தரம் படி" என்றான். படித்தேன். "ராத்திரி பூரா பைக்குள்ள கையை விட்டு ரெண்டையும் தடவிப் பாத்துக்கிட்டே நின்னேன். எதை எடுப்பேன்னு எனக்கே தெரியல" என்றான். அப்போது மணி அடித்தது.

கடிதத்தை மடித்து வாங்கிக்கொண்டான். போகும்போது திரும்பி, "இன்னும் பயமா இருக்கான்னு எழுதிக் கேளு" என்றான். அதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். என்ன பதில் போடுவாயோ, யோசித்துப் போடு.
பந்தலேயோ

*

சுவிட்சர்லாந்து
19 செப்டம்பர் 1955

என் கண்ணான தம்பிக்கு,

உன் கடிதத்தை வாங்கியதும் விடுதி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கன்னியாஸ்திரி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். உன் கையை நன்றாகக் கழுவிக் கட்டு. அம்மாவைக் காப்பியைத் திறக்கச் சொல், இதற்கு மேல் எந்த நல்ல நாளுக்குக் காத்திருக்கிறாள்?

அவருக்குப் பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. நாலு தாள் கிழித்தேன். பயம் இல்லை என்று எழுதினால் உனக்கு நல்லது என்றுகூட நினைத்தேன். ஆனால் பொய் சொல்லி ஒரு தடவை பட்டது போதும். கீழே உள்ளதை அவரிடம் நீயே படித்துக் காட்டு. கோவில் பின்னால் வேண்டாம், பகலில், வயலில் வைத்துப் படி.

"ஆமாம். இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. இங்கே ஆலையில் ஒரு ஆண் குரலை உயர்த்தினாலே என் கை தறியில் நின்றுவிடுகிறது. நான் திரும்பி வரமாட்டேன். பயமா என்று நீங்கள் அன்றைக்கே ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால், நான் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டேன்."

மெதுவாகப் படி. இன்னொரு தரம் கேட்டால் இன்னொரு தரமும் படி.

உன் அக்கா
வீத்தா